சபாக்கள் சந்தேகித்த வாத்தியம், உலகம் கேட்ட இசை: மாண்டலின் ஸ்ரீனிவாஸ்

பிறந்த ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட வித்வான்கள் பலர் உண்டு. வாத்தியத்தையே முன்பெயராகப் பெற்றவர்கள் சிலர்தான். மாண்டலின் என்றாலே ஸ்ரீனிவாஸ் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சின்ன வாத்தியத்தோடு ஒன்றிப்போனவர் உப்பலப்பு ஸ்ரீனிவாஸ். அவர் மறைந்து 10 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பாலகொல்லு என்ற சிற்றூரில் 1969 பிப்ரவரி 28-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சத்யநாராயணா இசை கற்றவர். வீட்டில் கிடந்த தந்தையின் மாண்டலினை 6 வயதில் கையில் எடுத்தான் பையன். அவனுடைய விரல்களில் இருந்த வேகத்தைக் கண்ட தந்தை, புது மாண்டலின் ஒன்றை வாங்கிக் கொடுத்து, தானே பாடம் தொடங்கினார்.

அடுத்து அமைந்த குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதை அப்படியே தந்தியில் எடுப்பான். வாத்தியம் தெரியாத குருவிடம் கற்றதே ஒரு வகையில் நன்மையாக முடிந்தது. கையைப் பார்த்துக் கற்காமல் குரலைக் கேட்டுக் கற்றதால், அவருடைய வாசிப்பில் பாட்டின் வளைவும் குழைவும் படிந்தன. அதே வயதில் வாசு ராவ் என்ற கித்தார் கலைஞர் மேற்கத்திய இசையையும் அறிமுகம் செய்துவைத்தார்.

1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. பிறகு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. 1981 டிசம்பர் இசை விழாவில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் 12 வயதுச் சிறுவன் வாசித்தபோது சென்னை ரசிகர்கள் வியந்து போனார்கள்.

வியப்போடு எதிர்ப்பும் வந்தது. மாண்டலின் இத்தாலிய வாத்தியம், சினிமாப் பாட்டுக்கும் மெல்லிசைக்கும்தான் சரி, அதிலும் மின்சாரத்தில் இயங்குவது கர்நாடக இசைக்கு ஒத்துவராது என்றார்கள். அந்தச் சந்தேகத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. வழக்கமான மாண்டலினில் நான்கு ஜோடிகளாக எட்டுத் தந்திகள் இருக்கும். தட்டியதும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகத்துக்குத் தேவையான நீண்ட, வளைந்த நாதம் அதில் எளிதில் வராது. ஸ்ரீனிவாஸ் ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். மின்சார ஒலி நாதத்தை நீட்டித் தந்தது. தந்தியை இழுத்தும் விரலை வழுக்கியும் ராகத்தின் அசைவுகளை அவர் கொண்டுவந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் ஒரு காலத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்களால் நம் இசைக்குள் வந்ததுபோல, மாண்டலினும் உள்ளே வந்தது.

உள்ளூரில் வாதம் ஓயும் முன்பே வெளியுலகம் அழைத்துவிட்டது. 1983-இல், 14 வயதில், பெர்லின் ஜாஸ் விழா மேடை ஏறினார். 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்ஸையொட்டி நடந்த கலைவிழாவிலும் வாசித்தார். 1995-இல் கனடாவைச் சேர்ந்த கித்தார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து ட்ரீம் என்ற இசைத்தட்டை வெளியிட்டார்.

அவரது இணைவிசை வாழ்க்கையின் உச்சம் ரிமெம்பர் சக்தி குழு. மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்ளின், 1970-களில் ஜாகிர் உசேன், எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் நடத்திய சக்தி குழுவின் மறுபிறப்பு அது. மெக்லாஃப்ளினின் கித்தாரும் ஸ்ரீனிவாஸின் மாண்டலினும் மாறி மாறிக் கேள்வியும் பதிலுமாகப் போகும். ஜாகிர் உசேனின் தபேலாவும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் அதற்குத் தாளம் கட்டும். பின்னர் பாடகர் சங்கர் மகாதேவனும் சேர்ந்தார்.

ஜாஸ் மேடைக்குப் போனதால் ஸ்ரீனிவாஸ் கச்சேரி மேடையைக் கைவிடவில்லை. உலகம் சுற்றித் திரும்பினாலும் தியாகராஜர் கீர்த்தனைகளை அதே பக்தியோடு வாசித்தார். தம்பி ராஜேஷுக்கும் கற்றுக்கொடுத்து உடன் மேடையேற்றினார். 1998-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சங்கீத நாடக அகாடமி விருதும் பின்னர் கிடைத்தது. ஒரு காலத்தில் சந்தேகப்பட்ட சபாக்களே அவருக்காக இடம் ஒதுக்கின.

கல்லீரல் பாதிப்பால் அவதிப்பட்ட அவருக்கு 2014-இல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஏற்பட்ட சிக்கல்களால் செப்டம்பர் 19-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது 45தான். பத்து ஆண்டுகள் கழித்து, 2024-இல், சக்தி குழு கிராமி விருது பெற்றபோது மேடையில் அவர் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் வயலின், வீணை வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. கிள்ளான் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில் கீபோர்டும் கித்தாரும் வாசிக்கும் பிள்ளைகளும் உண்டு. முதல் வகையினரைக் கலைஞர் என்கிறோம். இரண்டாவது வகையினரைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். பாலகொல்லுவில் ஒரு தந்தை அப்படி ஒதுக்கியிருந்தால், மாண்டலின் இன்றும் சினிமா வாத்தியமாகவே இருந்திருக்கும். பிள்ளை கையில் எந்த வாத்தியம் இருக்கிறது என்பதைவிட, அதற்கு ஒரு நல்ல குரு இருக்கிறாரா என்பதைத்தான் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும்.