ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம்: 12 இடங்களைக் காணாமல் போன தலைவர்

1969 மே 10. பேராக் மாநிலச் சட்டமன்றத்தின் 40 இடங்களுக்கு வாக்குகள் எண்ணப்பட்டபோது, மலாயா சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து அந்த மாநிலம் காணாத ஒரு கணக்கு வெளியானது. ஆளும் பெரிக்காத்தான் கூட்டணிக்கு 19 இடங்கள். மக்கள் முற்போக்குக் கட்சிக்கு 12. ஜனநாயக செயல் கட்சிக்கு 6. கெராக்கானுக்கு 2. பாஸ் கட்சிக்கு 1. ஆட்சியமைக்கத் தேவையான 21 இடங்களை எட்ட ஆளும் கூட்டணிக்கு இரண்டு குறைந்தது.

எதிர்க்கட்சிகளில் முதலிடம் பெற்ற மக்கள் முற்போக்குக் கட்சிக்கு அதுவரை இத்தனை இடங்கள் கிடைத்ததில்லை. ஆனால் அந்தக் கட்சியை வளர்த்தெடுத்த டி.ஆர். சீனிவாசகம் அந்த முடிவைக் கேட்க உயிரோடு இல்லை. வாக்களிப்புக்குச் சரியாக எட்டு வாரங்களுக்கு முன்பு, மார்ச் 15ஆம் தேதி, அவர் காலமாகியிருந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஈயம் விளைந்த ஊரில்

தர்மராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு ஈப்போவில் பிறந்தார். இலங்கைத் தமிழர் குடும்பம். இங்கிலாந்தில் சட்டம் படித்து, சொந்த ஊருக்கே திரும்பி வழக்கறிஞர் தொழில் செய்தார். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர். ஊரில் இருவரும் டி.ஆர்., எஸ்.பி. என்ற எழுத்துகளாலேயே அழைக்கப்பட்டார்கள்.

அன்றைய ஈப்போ கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த நகரம். சுற்றிலும் லம்பங்கள், லம்பத்து வேலையை நம்பிய சீனக் குடும்பங்கள், அவசரகாலத்தில் வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்கள். அவற்றுக்கு அப்பால் தமிழர்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள். குடியுரிமை இல்லாதவர்களும், அரசாங்கக் கடிதம் வந்தால் யாரிடம் காட்டுவது என்று தெரியாதவர்களும் ஏராளமாக இருந்த காலம் அது. ஒரு வழக்கறிஞரின் வாசலுக்கு அப்படிப்பட்டவர்கள் வருவது இயல்பு. டி.ஆர். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் வாங்காமலும் எடுத்து நடத்தினார் என்பது ஈப்போவில் தலைமுறை தாண்டியும் பேசப்படும் செய்தி. அவருடைய அரசியலுக்கு அடித்தளம் போட்டது அந்த வாசல்தான்.

1953ஆம் ஆண்டு அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. இந்த மண்ணில் பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை வேண்டும், சீன மொழிக்கும் தமிழுக்கும் அரசாங்கத்தில் இடம் வேண்டும் என்பவை கட்சியின் முக்கியக் கோரிக்கைகள். இனத்துக்கு ஒரு கட்சி என்று அரசியல் பிரிந்து நின்ற நாளில், இலங்கைத் தமிழர் இருவர் தொடங்கிய கட்சியில் சீனர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள்.

முதல் தோல்வி, முதல் வெற்றி

1955ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐப் பெரிக்காத்தான் வென்றது. மீதமிருந்த ஒன்று பாஸ் கட்சிக்குப் போனது. முற்போக்குக் கட்சிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். சீனரிலும் தமிழரிலும் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. டி.ஆரின் வாசலுக்கு வந்தவர்களில் பலருக்கு அவருக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது.

இரண்டு ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஈப்போ – மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினர் லியோங் இயூ கோ, சுதந்திர மலாயாவில் மலாக்காவின் முதல் ஆளுநராக நியமிக்கப்பட்டார். காலியான இடத்துக்கு 1957 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. ஆளும் கூட்டணி சுதந்திரம் வாங்கித் தந்த பெருமையோடு களத்தில் நின்ற நேரம் அது. இருந்தும் டி.ஆர். வென்றார். கூட்டணி உறுப்பினர்கள் நிறைந்திருந்த மன்றத்தில், பாஸ் உறுப்பினருக்கு அடுத்து எதிர்க்கட்சித் தரப்பில் தேர்தல் வழியாக வந்து அமர்ந்தவர் அவர்தான்.

1959 தேர்தலில் கட்சி நான்கு நாடாளுமன்ற இடங்களையும், பேராக் சட்டமன்றத்தில் எட்டு இடங்களையும் பிடித்தது. ஈப்போவில் டி.ஆர்., மெங்லெம்புவில் எஸ்.பி. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறியதன் பலன் கிந்தா வட்டாரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அதே பேராக்கில், ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட்டில் இன்னொரு தமிழ்த் தலைவர் இருந்தார். மஇகாவின் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டத் தொழிலாளர்களின் ஆதரவோடு அமைச்சரவைக்குள் இருந்து பேசியவர் அவர். நகரத்துச் சீனரின் வாக்கோடு எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பேசியவர் டி.ஆர். சில மைல் தூரத்துக்குள் தமிழரின் அரசியல் இப்படி இரண்டு பாதைகளில் நடந்தது.

நகரத்து நிர்வாகம்

அந்நாளில் ஊராட்சி மன்றங்களுக்கும் தேர்தல் உண்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஈப்போ நகர மன்றம் முற்போக்குக் கட்சியின் கைக்கு வந்தது. சாக்கடை, குப்பை, சாலை விளக்கு, அங்காடி உரிமம் போன்ற அன்றாட வேலைகளில் ஒரு கட்சியின் குணம் தெரிந்துவிடும். நாடாளுமன்றப் பேச்சைக் கேட்க முடியாத அங்காடிக்காரரும் தன் கடைக்கு முன்னால் சாக்கடை ஓடுகிறதா, அடைத்து நிற்கிறதா என்று பார்ப்பார். முற்போக்குக் கட்சியின் காலத்தில் ஈப்போ தூய்மையான நகரம் என்று பெயரெடுத்தது. 1962இல் அது நகராண்மைக் கழகமாகவும் உயர்ந்தது.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சில் அரசாங்கம் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த நிறுத்தம் இன்றுவரை நீங்கவில்லை. நகர மன்ற உறுப்பினர்கள் இன்று நியமிக்கப்படுகிறார்கள். தங்கள் நகர மன்றத்தை ஈப்போ மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த அந்தச் சில ஆண்டுகள் டி.ஆரின் கட்சியோடு சேர்த்தே நினைவுகூரப்படுகின்றன.

வெளியே வந்து சொன்ன சொல்

நாடு முழுவதும் டி.ஆரின் பெயரைக் கொண்டுபோனது ஒரு வழக்கு.

நாடாளுமன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் பேசுவதற்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடர முடியாது. மன்றத்துக்கு வெளியே அதே சொல்லைச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொன்னதை நிரூபிக்க முடியாவிட்டால் இழப்பீடு கட்ட வேண்டும். சொத்தும் பெயரும் போகும். கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். மன்றத்துக்குள் ஊழல் குற்றச்சாட்டு எழுப்பினார். வெளியே வந்து சொல்லும்படி சவால் எழுந்தது. டி.ஆர். வெளியே வந்து, பொதுக்கூட்டத்தில் அதையே சொன்னார்.

அமைச்சர் வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞராகப் பிறருக்காக வாதாடிய மனிதர் இப்போது பிரதிவாதியாக நீதிமன்றத்தில் நின்றார். அமைச்சரின் வழக்கு தள்ளுபடியானது. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுப்பிய குற்றச்சாட்டால் அமைச்சர் ஒருவர் பதவியிழந்தது இந்த நாட்டு வரலாற்றில் மிக அரிது.

கிந்தா மக்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. தொடக்கப்பள்ளிக்கு அப்பால் தாய்மொழிவழிக் கல்விக்கு இருந்த அரசாங்க உதவியைச் சுருக்கிய 1960ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை அதே அமைச்சரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அந்த அறிக்கையையும் அதன் வழிவந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் முற்போக்குக் கட்சி எதிர்த்து வந்தது. சீனரின் பள்ளிக்காக ஒரு தமிழர் பேசுகிறார் என்பதை ஈப்போ கவனித்தது.

ஐந்து இடங்களும் பொறுமையும்

எல்லாத் தேர்தலும் ஏறுமுகமாக இருந்துவிடவில்லை. 1964இல் இந்தோனேசிய மோதலின் நிழலில் தேர்தல் நடந்தது. நாட்டைக் காக்க அரசாங்கத்தின் பின்னால் நிற்க வேண்டும் என்ற உணர்வு மேலோங்கியது. மலாயாவின் 104 நாடாளுமன்ற இடங்களில் 89 பெரிக்காத்தானுக்குப் போயின. முற்போக்குக் கட்சி ஈப்போவையும் மெங்லெம்புவையும் மட்டுமே தக்கவைத்தது. பேராக் சட்டமன்றத்தில் எட்டு இடங்கள் ஐந்தாகக் குறைந்தன.

டி.ஆர். பின்வாங்கவில்லை. 1965 மே மாதம் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி உள்ளிட்ட ஐந்து கட்சிகள் மலேசிய ஒருமைப்பாட்டு மாநாடு என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தபோது, பேராக்கிலிருந்து மக்கள் முற்போக்குக் கட்சியும் அதில் இருந்தது. எல்லா இனத்தவருக்கும் சம உரிமையுள்ள மலேசியா என்பது அதன் முழக்கம். மூன்று மாதத்தில் சிங்கப்பூர் பிரிந்தது. அந்த முயற்சி அதோடு முடிந்தது. கட்சி மறுபடியும் கிந்தாவுக்குத் திரும்பி, அடுத்த தேர்தலுக்காக வேலை செய்தது.

1969 நெருங்கியபோது, ஒரே தொகுதியில் மோதிக்கொண்டு வாக்குகளைச் சிதறடிக்க வேண்டாம் என்று எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டன. பதினாறு ஆண்டு உழைப்புக்கு நல்ல காலம் வரும் வேளையில்தான் டி.ஆர். மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஈப்போவே திரண்டது. கட்சித் தலைமையை அண்ணன் எஸ்.பி. ஏற்றார்.

12 இடங்களுக்குப் பிறகு

எட்டு வாரங்கள் கழித்து வந்த வாக்குப்பெட்டிகளில் ஈப்போ தன் துக்கத்தையும் நன்றியையும் சேர்த்தே போட்டது. நாடாளுமன்றத்துக்கு நான்கு இடங்கள், சட்டமன்றத்துக்கு 12. எதிர்க்கட்சிகள் நான்கும் கைகோத்தால் 21 என்ற பெரும்பான்மை காகிதத்தில் இருந்தது. ஆனால் மே 13 கலவரம் எல்லாவற்றையும் மாற்றியது. அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டு, நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. பேராக் மாநில ஆட்சி பெரிக்காத்தான் கையிலேயே தங்கியது.

1972இல் எஸ்.பி. தலைமையில் மக்கள் முற்போக்குக் கட்சி பேராக்கில் அதே பெரிக்காத்தானோடு கூட்டுச் சேர்ந்தது. பின்னர் பாரிசான் நேஷனலில் உறுப்புக் கட்சியானது. அரசாங்கத்தில் இருந்தால் மக்களுக்கு வேலை செய்யலாம் என்பது அந்த முடிவுக்கான நியாயம். வாக்காளர்கள் அதை ஏற்கவில்லை. 1974 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாடாளுமன்ற இடம். எஸ்.பி.யே தோற்றார். கிந்தாவின் நகர வாக்குகள் ஜசெக பக்கம் போயின. அடுத்த ஆண்டு எஸ்.பி.யும் காலமானார்.

ஐந்தே ஆண்டுகளில் 12 இடங்கள் கரைந்துபோனதற்குக் கூட்டணி மாறியது ஒரு காரணம். ஒருவர் பதினாறு ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்பது மற்றொரு காரணம். மக்கள் டி.ஆருக்குப் போட்ட வாக்கு, நேரம் பார்க்காமல் கதவைத் திறந்தவருக்கும் வெளியே வந்து சொல்லத் துணிந்தவருக்கும் போட்டது. கட்சியின் சின்னத்தோடு அது தானாக ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் போட்ட பாதை மூடிப்போகவில்லை. 1978இல் அதே மெங்லெம்புவில் ஜசெகவின் பி. பட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 2004 முதல் ஈப்போ பாராட்டில் எம். குலசேகரன், 2013 முதல் பத்து காஜாவில் வி. சிவகுமார் என அந்த வரிசை நீண்டது. சீன வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள கிந்தா தொகுதிகளில் தமிழ் வேட்பாளர் ஒருவர் நிற்பதும் வெல்வதும் இன்று யாருக்கும் வியப்பாகத் தெரிவதில்லை. வியப்பாக இருந்த நாளில் முதலில் நின்று காட்டியவர் டி.ஆர்.

ஈப்போவில் முன்பு கொரனேஷன் பார்க் என்று அழைக்கப்பட்ட பூங்கா இன்று டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. மன்னரின் முடிசூட்டு விழாவை நினைவூட்டிய பெயர் போய், ஊர்க்காரர் ஒருவரின் பெயர் வந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அதை டி.ஆர். பார்க் என்றே சொல்கிறார்கள். மாலையில் அங்கே பிள்ளைகளை விளையாட விட்டு மரநிழலில் அமரும் பெற்றோர், அந்த இரண்டெழுத்து யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு இந்தக் கதை இருக்கிறது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அவருடைய வாசல் எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேட்பதற்கும் இது உதவும்.