பள்ளிவாசலில் ஒரு கூடாரம்: ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி)

 

சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து எழுந்தபோது ஒரு தந்தை என்னிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நர்ஸிங் படிக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. இரவு டியூட்டி, ஆண் நோயாளிகள், சொந்தக்காரர்களின் பேச்சு என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாகத் தயங்கித் தயங்கி, நம் குடும்பத்துப் பெண் அடுத்தவர் புண்ணைக் கழுவுவதா என்றார்.

அவர் கேட்ட மற்றவற்றுக்கெல்லாம் விரிவாகப் பதில் சொல்ல இடமுண்டு. அந்தக் கடைசிக் கேள்விக்கு ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ருஃபைதா (ரலி) அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்தவர். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த ஸஹாபிப் பெண்மணி. அவருடைய தந்தை மருத்துவம் அறிந்தவர் என்றும், அவரிடமே மகள் தொழில் பழகினார் என்றும் பிற்கால நூல்கள் எழுதுகின்றன. பழைய நூல்கள் அவரைப் பற்றிச் சொல்வது சில வரிகள்தான். அந்தச் சில வரிகளே போதும். மஸ்ஜிதுந் நபவியில் அவருக்கென்று ஒரு கூடாரம் இருந்தது. காயம்பட்டவர்களுக்கு அங்கே மருத்துவம் பார்த்தார். முஸ்லிம்களில் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்ய, அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்த்துத் தம்மையே ஒப்படைத்திருந்தார். இப்னு இஸ்ஹாக் (ரஹ்) எழுதிய நபி வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது.

கூடாரம் இருந்த இடத்தைக் கவனியுங்கள். ஊருக்கு வெளியே அல்ல, ஒதுக்குப்புறத்திலும் அல்ல. பேரீச்ச மரத்தண்டுகளைத் தூண்களாகவும் ஓலைகளைக் கூரையாகவும் கொண்ட அந்த எளிய பள்ளிவாசலில், அல்லாஹ்வின் தூதர் ஐவேளையும் தொழுகை நடத்திய இடத்திலேயே அது இருந்தது. இரத்தமும் சீழும் பள்ளிவாசலுக்கு ஆகாது என்று அன்று அந்தக் கூடாரத்தை யாரும் அகற்றச் சொல்லவில்லை.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. அகழ்ப்போர். மக்காவாசிகளும் அவர்களின் கூட்டாளிகளும் மதீனாவை முற்றுகையிட்டிருந்தார்கள். அவ்ஸ் கோத்திரத்தின் தலைவர் ஸஅத் பின் முஆத் (ரலி) போருக்குப் புறப்பட்டுச் செல்கிறார். அப்போது அன்னை ஆயிஷா (ரலி) ஸஅதின் தாயாரோடு ஒரு கோட்டைக்குள் இருந்தார்கள். கடந்துபோன ஸஅதைப் பார்த்ததும் அவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. அவர் அணிந்திருந்த கவசம் குட்டையானது. கை முழுவதும் வெளியே தெரிந்தது. இன்னும் சற்று நீளமாக இருந்திருக்கலாமே என்று தாயாரிடம் சொன்னார்கள். பயந்தபடியே நடந்தது. குறைஷிகளின் அம்பு ஒன்று அவருடைய கையிலிருந்த அக்ஹல் என்னும் இரத்தநாளத்தைத் துளைத்தது.

அந்த நாளம் அறுபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. நபி (ஸல்) அவர்களே தம் கையால் காயத்துக்குச் சூடு போட்டார்கள். கை வீங்கியது. மறுபடியும் சூடு போட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஸஅதின் நிலைமை மோசமானபோது அவரை எங்கே கொண்டுபோனார்கள்? அவருக்கு மதீனாவில் சொந்த வீடு உண்டு, கோத்திரம் உண்டு, பெற்ற தாய் உண்டு. ஆனால் ருஃபைதாவின் கூடாரத்தில் அவரை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அருகிலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பது காரணம். ஒரு பெரும் கோத்திரத்தின் தலைவர், காயங்களைக் கவனிக்கத் தெரிந்த ஒரு பெண்மணியின் பொறுப்பில் விடப்பட்டார்.

காலையில் அந்தப் பக்கம் கடந்து செல்லும்போது, இரவு எப்படிப் போனது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்பார்கள். மாலையில் பகல் எப்படிப் போனது என்று கேட்பார்கள். ஸஅத் (ரலி) பதில் சொல்வார். இமாம் புகாரி (ரஹ்) தம்முடைய அல்அதபுல் முஃப்ரத் நூலில், நோயாளியிடம் எப்படி நலம் விசாரிப்பது என்பதற்கு இந்தச் செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவமனையில் காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

ஆனால் இரண்டு விசாரிப்புகளுக்கும் நடுவே பகல் முழுக்க, இரவு முழுக்க அந்தக் காயத்தோடு இருந்தவர் ருஃபைதா. நோயாளியோடு ஓரிரவு ஆஸ்பத்திரியில் கண்விழித்தவர்களுக்கு இது தெரியும். டாக்டர் வந்துபோவது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுவதும் நர்ஸின் கையில்.

ஸஅத் (ரலி) ஓரளவு தேறினார். பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல அவரை அழைத்தபோது, அவருடைய கோத்திரத்தார் கழுதையின் மீது தோல் மெத்தை விரித்து, அதில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அது முடிந்தபின் காயம் உடைந்து இரத்தம் பெருக்கெடுத்தது. பள்ளிவாசலில் கிஃபார் கூட்டத்தாரின் கூடாரமும் இருந்தது. இரத்தம் தங்கள் பக்கம் ஓடிவருவதைக் கண்டுதான் அவர்கள் திடுக்கிட்டு விசாரித்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஸஅத் (ரலி) ஷஹீதானார்கள். அவர்களின் மரணத்துக்காக ரஹ்மானின் அர்ஷே அசைந்தது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

அத்தனை பாடுபட்டுப் பார்த்துக்கொண்ட நோயாளி போய்விட்டார். நர்ஸ் வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கு இந்த வலி புதிதல்ல. ஒரு கட்டில் காலியாகும், அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிடும்.

அந்தத் தந்தை ஆண் நோயாளிகளைப் பற்றியும் கேட்டார் அல்லவா? ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்ற கேள்வியையே இமாம் புகாரி ஒரு பாடத்தின் தலைப்பாக வைத்தார்கள். அதன் கீழ் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கொண்டுவந்தார்கள். போர்களில் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டவர்களையும் ஷஹீதானவர்களையும் மதீனாவுக்குத் திரும்பக் கொண்டுவந்ததையும் ருபய்யிஃ அதில் சொல்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) நபியவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒழுக்க வரம்புகளும் இருந்தன, பணியும் நடந்தது.

ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று உலக செவிலியர் தினம் கொண்டாடுகிறார்கள். 1820இல் அதே நாளில் பிறந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் நினைவாக. 1854இல் கிரிமியப் போரின் காயம்பட்டவர்களைப் பார்க்கப் போனவர், 1860இல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். மதிப்புக்குரியவர்தான், அவரைக் குறைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை. ருஃபைதாவின் கூடாரம் அவருக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தியது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

சம்பளத்துக்கு நோயாளியைப் பார்ப்பது சேவையாகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஹிஜ்ரி 7இல் நடந்த கைபரைப் பாருங்கள். இப்னு ஸஅத் (ரஹ்) தம் தபகாத் நூலில் பள்ளிவாசல் கூடாரத்தின் செய்தியை குஐபா பின்த் ஸஅத் அல்அஸ்லமிய்யா என்ற பெயரில் எழுதுகிறார். இரண்டும் ஒரே பெண்மணியின் பெயர்கள் என்று கருதுவோர் உண்டு. அந்த குஐபா கைபரில் கலந்துகொண்டதற்காக, ஓர் ஆணுக்குரிய பங்கை நபி (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள் என்றும் அதில் வருகிறது. அல்லாஹ்விடம் கூலியை எதிர்பார்த்தவருக்கு இங்கேயும் பங்கு கிடைத்தது.

அதே கைபருக்கு, காயங்களுக்கு மருந்திட எங்களால் இயன்றதைச் செய்கிறோம் என்று அனுமதி கேட்டு கிஃபார் கூட்டத்துப் பெண்களும் புறப்பட்டார்கள். அவர்களில் வயது குறைந்த ஒரு சிறுமியை நபி (ஸல்) அவர்கள் தம் வாகனத்திலேயே பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். வெற்றிக்குப் பின் கைபரின் பொருட்களிலிருந்து அந்தப் பெண்களுக்கு அன்பளிப்புகள் கொடுத்தார்கள். அந்தச் சிறுமிக்கு ஒரு கழுத்து மாலையை எடுத்துத் தம் கையாலேயே அணிவித்தார்கள். அந்த மாலையை அவர் வாழ்நாள் முழுவதும் கழற்றவில்லை. தம்மோடு கப்ரில் வைக்கும்படி வஸிய்யத் செய்தார். அப்படியே அது அவரோடு அடக்கப்பட்டது.