ஹெலன் கெல்லர் எழுதிய விண்ணப்பக் கடிதம்

ஹெலன் கெல்லர் என்றதும் குழாயடியில் தண்ணீர் என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட சிறுமிதான் நம் நினைவுக்கு வருகிறார். அவர் கல்லூரி மாணவியான கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

1880இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த ஹெலன், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். 1887இல் வந்த ஆசிரியர் ஆன் சல்லிவன், உள்ளங்கையில் எழுத்துக்கூட்டி மொழியைக் கற்பித்தார்.

1899 ஜூன் மாதம் ராட்கிளிஃப் மகளிர் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு. உதவிக்குச் சல்லிவன் வரக்கூடாது. வினாத்தாள் பிரெய்லில் தரப்படும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இயற்கணிதத்தில் ஹெலன் பழகியது இங்கிலாந்து பிரெய்ல் குறியீடுகள். தேர்வில் வரப்போவது அமெரிக்க முறை என்பது இரண்டு நாள்களுக்கு முன்புதான் தெரிந்தது! உடனே கடிதம் எழுதிக் குறியீட்டுப் பட்டியலை வரவழைத்தார். முதல்நாள் இரவுகூட அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டினார். ஆனாலும் தேறினார்.

இடம் கிடைத்தும் அவர் நேராகப் போய் வகுப்பில் உட்காரவில்லை. 1900 மே மாதம் கல்லூரிக் கல்விக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். விரிவுரையைக் கையில் எழுத்துக்கூட்டிச் சொல்லவும் வினாத்தாளை வாசிக்கவும் சல்லிவன் உடன் இருக்க வேண்டும். எழுத்து வேலை முழுவதையும் தட்டச்சில் செய்வேன். என் பேச்சு பேராசிரியருக்குப் புரியாவிட்டால் பதிலை எழுதித் தருவேன். இதற்குக் கல்லூரி இடம் கொடுக்குமா என்று கேட்டிருந்தார். கெஞ்சல் இல்லை, தேவைகள் மட்டுமே. இன்று நாம் நிரப்பும் சிறப்பு ஏற்பாட்டுப் படிவமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது.

அந்த ஆண்டே சேர்ந்தார். பாடநூல்களில் சிலவே பிரெய்லில் இருந்தன. மற்றவற்றை யாராவது கையில் எழுத்துக்கூட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு அவருக்குப் பல மணி நேரமானது. 1904இல் சிறப்புத் தகுதியுடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல்முறை.

நான்கு ஆண்டுகளும் பக்கத்திலேயே அமர்ந்திருந்த சல்லிவனுக்கும் கண்பார்வை குறைவுதான். அவருக்கு அப்போது பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.