துணி மூட்டையோடு தோட்டத்துக்குள் போன தலைவர்



நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். இன்னொரு கூட்டம் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கேயும் கங்காணி, லயம், துரைதான். அந்த மக்களுக்காகப் பாடுபட்ட கோ. நடேசய்யரைப் பற்றி இந்த வாரம் சுங்கை பினாங்கிலிருந்து எழுதுகிறோம்.

1887ல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர் ஐயர். 1919ல் இலங்கைக்குப் போனார். வெளியாள் லயத்துப் பக்கம் போனால் அத்துமீறல் என்று வழக்குப் போடுகிற காலம் அது. ஐயர் என்ன செய்தார்? துணி வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தொழிலாளி படுகிற பாட்டை நேரில் பார்த்தார்.

அப்போது துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டுதான் துண்டு. அந்தக் கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆனால் வறுமையும் பயமும் அதோடு ஒழியவில்லை.

ஐயர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தினார். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் புத்தகமாகப் போட்டார். மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுப் பாடியே தோட்டத்து மக்களைத் தட்டி எழுப்பினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் சங்கத்தில் ஐயர் சேர்ந்து உழைத்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் விலகிவிட்டார்.

1925ல் சட்டசபைக்குள் போனார். 1931ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனியாகச் சம்மேளனம் தொடங்கினார். 1936ல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் வேஷம் போட்டு நுழைந்த அதே மலைநாட்டுக்கு அவர் பிரதிநிதி ஆனார்!

1939க்குப் பிறகு இலங்கை இந்தியர் காங்கிரஸ் வளர்ந்தது. ஐயரின் சங்கம் தேய்ந்தது. 1947 தேர்தலில் தோற்றார், அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.

மறு வருஷமே, 1948ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949ல் ஓட்டும் போனது. ஐயரைச் சபைக்கு அனுப்பிய கைகளிலேயே ஓட்டுச் சீட்டு இல்லை. மிச்சமிருந்த கடைசி ஆட்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. இடையில் 1964 ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

இதை நாம் ஏன் சொல்லுகிறோம்? நம் நாட்டிலும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தலைவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நம் கையில் பத்திரமும் ஓட்டும் இல்லையென்றால் அவர் குரல் சபையில் எத்தனை நாளைக்கு எடுபடும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். ஏதாவது குறை இருந்தால் வெட்கப்படாமல் சங்கத்து ஆளிடம் சொல்லுங்கள்.