செக்கிழுத்த வழக்கறிஞர்

வ. உ. சிதம்பரனார் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று அவர் கடலில் விட்ட கப்பல். மற்றொன்று சிறையில் இழுத்த செக்கு. இவ்விரண்டோடும் சேர்த்து எண்ண வேண்டிய மூன்றாவது ஒன்றும் உண்டு. அஃது அவர் கற்ற சட்டம். பள்ளிப் பாடநூல்களில் அதற்குக் கிடைக்கும் இடம் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்ற நான், இப்பொழுது விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவன். சொந்த ஊர் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை. சட்டக் கல்லூரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் முதல் வாரத்தில் மிடுக்கைத் தந்தன. இரண்டாம் வாரத்தில் வியர்வையைத் தந்தன. சந்தையில் ஒரு படி சாமை விற்பதும், பேருந்தில் சீட்டு வாங்குவதும் ஒப்பந்தமே என்று விரிவுரையாளர் விளக்கியபோது, இத்தனை நாளும் சட்டத்தின் நடுவேதான் வாழ்ந்திருக்கிறோம் என்று வியந்தேன். இலத்தீன் சொற்றொடர்கள் மட்டும் இன்னும் நாவில் நிற்க மறுக்கின்றன.

இவையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். ஆனால், ஓர் ஐயம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. இந்தச் சட்டம் யாருடையது? எங்கள் மலையில் 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர் முறை நிலவியது. ஜாகீர்தார்களுக்கு வரியும் கட்டி, கூலியின்றி வேலையும் செய்த தலைமுறை அது. அவர்களுக்குக் கீழே இருந்து வரும் முத்திரைத் தாள் என்றாலே அச்சம். கைநாட்டு வைத்தால் நிலம் போய்விடுமோ என்ற கவலை. அத்தகைய மண்ணில் பிறந்த ஒருவன் சட்டத்தை நம்பிப் படிக்கலாமா? இவ்வினாவோடு நூலகத்தில் வ. உ. சி. அவர்களின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன்.

அவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையாரும் வழக்கறிஞரே. பள்ளிப் படிப்பு முடிந்தபின் மகனார் சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பின்னர்த் தந்தையார் அவரைச் சட்டம் படிக்கத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிவைத்தார். 1894ஆம் ஆண்டு ப்ளீடர் தேர்வில் வெற்றி பெற்று, மறு ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் இலண்டன் சென்ற பாரிஸ்டர் அல்லர், பி.எல். பட்டதாரியும் அல்லர். தென்கோடிச் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, தேர்வெழுதித் தகுதி பெற்றவர். ஏழைகளுக்காகக் கட்டணம் கருதாமல் வழக்காடினார். போலீசாரின் வழக்குகளை எதிர்த்து நின்றதால் அதிகாரிகளின் வெறுப்புக்கும் ஆளானார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

1906ஆம் ஆண்டு சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி உருவாயிற்று. அதை நாம் வீரச் செயலாக மட்டுமே எண்ணுகிறோம். அது சட்டம் அறிந்தவரின் செயலுமாகும். பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் பத்து லட்சம் என வகுத்து, முறைப்படி பதிவு செய்யப்பட்ட கம்பெனி அது. வெள்ளையர் வகுத்த கம்பெனிச் சட்டத்தைக் கொண்டே வெள்ளையரின் கப்பல் வாணிபத்தோடு போட்டியிட்டார் அவர். 1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றார். அவர்களின் கோரிக்கைகள் வென்றன.

அதன்பின் அதே சட்டம் அவர்மீது பாய்ந்தது. மார்ச் 12ஆம் நாள் கைதானார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு என நாற்பது ஆண்டுத் தீவாந்தர தண்டனையை நீதிபதி பின்ஹே விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. அவரைத் தண்டித்த 124அ என்னும் பிரிவு எங்கள் வகுப்பில் இன்று வரலாறாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கே மாற்றாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும், நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்யும் செயல்கள் பற்றிய புதிய பிரிவைப் படிக்கும்போதெல்லாம் கோவைச் சிறைச் செக்குதான் என் கண்முன் வருகிறது.

மாடு இழுக்க வேண்டிய செக்கை அம்மனிதர் இழுத்தார். அந்நிலையிலும் அவர் கைவிடாதது ஒன்று உண்டு. சிறையில் இருந்தபடியே தம் விடுதலைக்காகச் சட்ட நுணுக்கம் நிறைந்த மனுக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். உடலை ஒடுக்கிய சிறையால் அவர் கற்ற சட்டத்தைப் பறிக்க முடியவில்லை!

1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்கு முந்தைய ஆண்டே கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் வறுமையோடு போராடினார். இவ்வளவுக்குப் பின் சட்டத்தை அவர் வெறுத்திருந்தால் யார் குறை கூற முடியும்? அவரோ இழந்த சன்னதைத் திரும்பப் பெற விரும்பினார். வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் தீர்ப்பால் செக்கிழுத்தவர், இன்னொரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தம் பிள்ளைக்கு வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் வழக்காடினார். 1936ஆம் ஆண்டு எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளைக்கூட மறைக்காமல் குறிப்பிட்டார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

என் ஐயத்துக்கு இவ்வாழ்வில் விடை கண்டேன். சட்டம் கற்றவர் அதை என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது யாருடையது என்பது அமைகிறது. எங்கள் மலையில் ஜாகீர் ஒழிந்த அதே 1976ஆம் ஆண்டில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டு கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. ஆகவே சட்டங்கள் இல்லாமலில்லை. அவற்றைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், வழக்காடவும் மலையிலேயே பிறந்தவர்கள்தாம் இன்னும் போதவில்லை.

நம் கல்லூரித் தம்பி தங்கையரே! பட்டம் பெற்றபின் என்ன படிப்பது என்று எண்ணும்போது சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். கறுப்புக் கோட்டு வெயிலில் சுடத்தான் செய்கிறது. செக்கிழுத்த கைகள் அதை மறுபடியும் விரும்பி அணிந்தன என்பதை நினைத்தால் அந்தச் சூடு பெரிதாகத் தோன்றாது.