மரியா டிக்கின்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி வறுமைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஏழையர் இல்லங்களுக்குத் தொண்டாற்றச் சென்ற மரியா டிக்கின் (1870–1951), நோயுற்ற மனிதர்களோடு, புண்பட்டும் கால் முறிந்தும் கிடந்த நாய்களையும் பூனைகளையும் கண்டார். வளர்த்தோரிடம் அன்புக்குக் குறைவில்லை. மருத்துவருக்குக் கொடுக்கத்தான் பணமில்லை.

முதல் உலகப்போர் மூண்டிருந்த வேளையில், 1917 நவம்பர் 17 அன்று, வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் தொடங்கினார். ‘நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம்’ என்று பெயரிட்டார். காய்கறி வண்டி இழுக்கும் கழுதையும் அங்கே சிகிச்சை பெற்றது. அது படுத்துவிட்டால் உரிமையாளரின் குடும்பமே பட்டினி கிடக்க நேரிடும். பின்னர்க் குதிரை பூட்டிய வண்டியிலும் மருந்தகம் ஊர்களுக்குச் சென்றது.

பட்டம் பெறாதோர் மருத்துவம் பார்ப்பதைக் கால்நடை மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பட்டம் பெற்றோரின் கட்டணம் ஏழைக்கு எட்டாததாகவே இருந்தது. மரியா பின்வாங்கவில்லை, 1928இல் இல்ஃபோர்டில் விலங்குகளுக்கென மருத்துவமனையும் எழுந்தது.

போர்ப்பணியாற்றிய விலங்குகளுக்காக 1943இல் அவர் ஏற்படுத்திய டிக்கின் பதக்கத்தை முதலில் பெற்றவை மூன்று புறாக்கள்.