வாடகை வீட்டில் பிறந்த அல்லேலூயா

பாஸ்கா திருவிழிப்பு இரவை ஒருகணம் உங்கள் மனக்கண் முன் நிறுத்துங்கள். இருள் சூழ்ந்திருந்த ஆலயத்தில் விளக்குகள் ஒளிர்கின்றன. மணிகள் முழங்குகின்றன. தவக்காலம் முழுவதும் நம் நாவுகள் உச்சரியாதிருந்த அல்லேலூயா என்னும் சொல் மீண்டும் நமக்குத் தரப்படுகின்றது. சில பங்குகளில் பாடகர் குழாத்தினர் நான்கு குரல்களில் ஆர்ப்பரித்துப் பாடும் புகழ்பெற்ற ஓர் அல்லேலூயாவையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். உலகெங்கும் உள்ள கிறிஸ்தவர்கள், சபை வேறுபாடின்றித் தமதாக்கிக்கொண்ட கீதம் அது. அந்தக் கீதம் பேராலயத்திலோ துறவு மடத்திலோ பிறக்கவில்லை. இலண்டன் மாநகரின் ஒரு தெருவில், மாடிப் பின்னறை ஒன்றில் பிறந்தது. அந்த வீடும் வாடகை வீடு. அதில் குடியிருந்தவர் ஜோர்ஜ் பிரெட்ரிக் ஹாண்டல்.

ஹாண்டல் 1685ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி ஜேர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். அறுவைச் சிகிச்சை செய்பவரான தந்தை, மகன் சட்டம் பயில வேண்டும் என்று விரும்பினார். மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறையுமுன்னரே தந்தை மறைந்தார். 1702இல் அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாரெனினும், அதே ஆண்டில் ஹாலேயின் ஓர் ஆலயத்தில் ஓர்கன் வாசிக்கும் பணியையும் ஏற்றார். இசை அவரை வென்றது. 1703இல் பிறந்த ஊரை விட்டு ஹம்பேர்க் நகருக்குச் சென்றார். அன்று தொடங்கிய பயணம் இருபது ஆண்டுகள் நீடித்தது.

ஹம்பேர்க்கில் தம் நண்பரான மத்தேசன் என்னும் இசைஞருடன் ஏற்பட்ட பிணக்கு 1704இல் வாட்போராக முற்றியது. நண்பரின் வாள் ஹாண்டலின் உடையிலிருந்த பொத்தானில் பட்டு முறிந்ததால் அவர் உயிர் தப்பினார் என்பர். அந்த வாள் சற்று விலகியிருந்தால் நமக்கு அந்த அல்லேலூயா கிடைத்திராது. இறைவனின் பராமரிப்பு சிலவேளைகளில் ஒரு பொத்தானின் அளவே ஆகும்.

1706இல் அவர் இத்தாலிக்குப் பயணமானார். லூத்தரன் சபையைச் சேர்ந்த அந்த இளைஞரை, கத்தோலிக்க உரோமை அன்புடன் வரவேற்றது. 1707 ஜனவரியில், திருத்தந்தையின் பேராலயமாகிய இலாத்தரன் பேராலயத்தில் அவர் ஓர்கன் வாசித்துக் கேட்டோரை வியப்பில் ஆழ்த்தினார். கொலோன்னா, பம்பீலி, ஒத்தோபோனி ஆகிய கர்தினால்மார் அவருக்கு ஆதரவளித்தனர். 1708ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, ருஸ்பொலி பிரபுவின் மாளிகையில் ஆண்டவரின் உயிர்ப்பைப் பற்றிய அவரது இசைப்படைப்பு அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. கத்தோலிக்கராகுமாறு சிலர் அவரை அழைத்தபோதும் அவர் தம் சபையிலேயே நிலைத்திருந்தார். ஆயினும் நமது திருவழிபாட்டுக்காக இலத்தீன் திருப்பாடல்களுக்கு அவர் அமைத்த இசை இன்றும் போற்றப்படுகின்றது.

1710இல் ஹனோவர் அரசவையின் இசைத் தலைவரானார். அதே ஆண்டின் இறுதியில் இலண்டன் சென்றார். 1711இல் அங்கு அவரது இசை நாடகம் பெருவெற்றி பெற்றது. 1712இல் மீண்டும் இலண்டன் வந்தவர் பின்னர் அங்கேயே தங்கினார். ஆயினும் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. பேர்லிங்டன் பிரபுவின் மாளிகையில் சில ஆண்டுகளும், பின்னர் சான்டோஸ் பிரபுவாக உயர்ந்த ஜேம்ஸ் பிரிட்ஜஸின் ஆதரவில் கனன்ஸ் என்னுமிடத்தில் சிறிது காலமும் அவர் பணியாற்றினார். மாளிகைகளில் உணவுக்கும் உபசாரத்துக்கும் குறைவில்லை. ஆனால் விருந்தினரின் நாற்காலி எவ்வளவு மென்மையானதாயினும் அது அவருக்குரியதல்ல. பிறர் வீட்டில் நீண்ட நாள் தங்கியவர்கள் உங்களில் இருப்பின், இதனை நான் விளக்கத் தேவையில்லை.

1723ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹாண்டல் அரச ஆலயத்துக்கான இசையமைப்பாளராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு கோடையில், இலண்டனின் புரூக் தெருவில் புதிதாகக் கட்டப்பட்ட வீடொன்றில் குடியேறினார். அவரே அதன் முதற் குடியிருப்பாளர். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. நிலவறையில் சமையற்கூடம், முதல் மாடியின் முன்பக்கத்தில் இசைப் பயிற்சிக்கான அறை, அதன் பின்னால் அமர்ந்து எழுதும் சிற்றறை, அதற்கு மேல் மாடியில் படுக்கையறை. தம் கையால் கதவைத் திறந்து மூடக்கூடிய நிலையான ஓர் இல்லம் வாழ்வில் முதன்முறையாக அவருக்குக் கிடைத்தது. அங்கு அவர் முப்பத்தாறு ஆண்டுகள், இறக்கும்வரை வாழ்ந்தார். திருமணம் செய்யவில்லை. பணியாளர்களே அவரது வீட்டார்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1727இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். இருப்பினும் அந்த வீட்டை ஒருபோதும் தமது உடைமையாக்கிக்கொள்ளவில்லை. இறுதிவரை வாடகைக்கே குடியிருந்தார். வேரூன்றுவதற்கு அவருக்கு உறுதிப்பத்திரம் தேவைப்படவில்லை. நாளும் அதே மேசைக்கு, அதே பணிக்குத் திரும்பி வரும் மனமே போதுமானதாயிருந்தது. புனித ஆசீர்வாதப்பரின் துறவியர் எடுக்கும் வாக்குகளுள் ஒன்று, ஒரே குழுமத்தில் இறுதிவரை நிலைத்திருப்பது ஆகும். இறைவனைத் தேடி ஊரூராய் அலைவதைவிட, இருக்கும் இடத்தில் அவருக்குக் காத்திருப்பது கடினம் என்பதை அந்தப் பெரிய துறவி அறிந்திருந்தார்.

குடியேறிய அடுத்த இரு ஆண்டுகளுக்குள் ஹாண்டலின் தலைசிறந்த இசை நாடகங்கள் மூன்று வெளிவந்தன. 1727இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அவர் அமைத்த கீதங்களுள், குரு சாதோக்கு சாலமோனை அரசராகத் திருப்பொழிவு செய்ததைப் பாடும் கீதமும் ஒன்று. பிரித்தானிய முடிசூட்டு விழாக்களில் தொடர்ந்து இசைக்கப்பட்டுவரும் அக்கீதம், 2023இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவிலும் ஒலித்தது.

ஆனால் வீடு கிடைத்ததும் துன்பம் வாசலோடு நின்றுவிடும் என்று எவரும் எண்ணவேண்டாம். இத்தாலிய இசை நாடகங்கள் மீது இலண்டன் மக்களுக்கிருந்த ஆர்வம் குன்றியது. போட்டியும் நட்டமும் அவரை வாட்டின. 1737ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவரது வலக்கை செயலிழந்தது. இசைஞருக்கு வலக்கை போவதென்பது போதகருக்கு நா போவதற்கு ஒப்பாகும். அவர் ஜேர்மனியின் ஆகன் நகரிலுள்ள வெந்நீர் ஊற்றுகளை நாடிச் சென்று நலம் பெற்றுத் திரும்பினார். 1741இன் தொடக்கத்தில் அவரது இறுதி இசை நாடகம் மூன்றே முறை மேடையேறி வீழ்ந்தது. ஐம்பத்தாறு வயதில், தம் காலம் முடிந்துவிட்டதோ என்று எண்ணத்தக்க நிலையில் அவர் இருந்தார்.

அந்த ஆண்டில் சார்ள்ஸ் ஜெனன்ஸ் என்னும் நண்பரின் தொகுப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. எசாயாவின் இறைவாக்குகள், திருப்பாடல்கள், நற்செய்திகள், பவுலடியாரின் திருமுகங்கள், திருவெளிப்பாடு ஆகியவற்றிலிருந்து திருவசனங்களைத் தெரிந்தெடுத்து ஜெனன்ஸ் கோர்த்திருந்தார். மெசியாவின் வருகை, பாடுகளும் உயிர்ப்பும், இறுதிநாளில் நமது உயிர்ப்பு என மூன்று பாகங்கள். ஆகஸ்ட் 22ஆம் திகதி ஹாண்டல் எழுதத் தொடங்கினார். 28இல் முதற்பாகமும், செப்டெம்பர் 6இல் இரண்டாம் பாகமும், 12இல் மூன்றாம் பாகமும் முடிந்தன. 14ஆம் திகதி முழுப் படைப்பும் நிறைவுற்றது. மொத்தம் இருபத்துநான்கு நாட்கள்.

அந்நாட்களைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றை விடுத்து, அவரது கையெழுத்துப் பிரதியை நோக்குவோம். மைக் கறைகளும் அடித்தல் திருத்தல்களும் நிறைந்த தாள்கள் அவை. தூய ஆவியாரின் ஏவுதல் மனித உழைப்பை நீக்குவதில்லை என்பதற்கு அத்தாள்களே சான்று. இன்னுமொரு வியப்பு உண்டு. அதே ஆண்டு ஜூலையில் ஹாண்டல் இத்தாலிய மொழியில் காதற் பாடல்கள் சிலவற்றை இரு குரல்களுக்காக அமைத்திருந்தார். காதலை நம்பேன் என்று சலித்துக்கொள்ளும் பாடல் ஒன்றின் மெட்டை எடுத்து, நமக்கொரு பாலன் பிறந்துள்ளார் என்னும் மகிழ்ச்சியை அறிவிக்கும் குழுப்பாடலாக அவர் மாற்றினார். கானாவூரில் ஆண்டவர் புதுத் திராட்சை இரசத்தை வேறெங்கிருந்தும் வருவிக்கவில்லை. அவ்வீட்டுச் சாடிகளில் வார்க்கப்பட்ட தண்ணீரையே எடுத்தார். நம் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய தாளையும் அவரால் பயன்படுத்த முடியும்.

அவ்வாண்டு நவம்பரில் ஹாண்டல் அந்தத் தாள்களுடன் அயர்லாந்தின் டப்ளின் நகரை அடைந்தார். 1742 ஏப்ரல் 13ஆம் திகதி மெசியா முதன்முறையாக அரங்கேறியது. கூட்டம் மிகுதியாகும் என்பதால், அகன்ற வளையம் வைத்த பாவாடைகளைத் தவிர்க்குமாறு பெண்களும், வாள் அணியாது வருமாறு ஆண்களும் முன்கூட்டியே வேண்டப்பட்டனர். ஏறக்குறைய எழுநூறு பேர் திரண்டனர். வருமானமோ இரு வைத்தியசாலைகளுக்கும், கடன் காரணமாகச் சிறையிலிருந்தோருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. கடனைத் தீர்க்க முடியாத ஏழையைச் சிறையிலடைப்பது அக்காலத்துச் சட்டம். சிறையில் இருப்பவர் உழைத்துக் கடன் அடைப்பது எங்ஙனம்? அன்றைய இசையின் பயனாக 142 பேர் விடுதலை பெற்றதாகக் குறிக்கப்படுகின்றது.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் இயேசு எசாயாவின் சுருளை விரித்து, சிறைப்பட்டோருக்கு விடுதலை அறிவிக்கத் தாம் அனுப்பப்பட்டதாக உரைத்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த மெசியாவைப் பாடிய முதல் நாளிலேயே சிறைக்கதவுகள் உண்மையில் திறந்தன. பாடல் செயலாகிய நாள் அது.

இலண்டனிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக தோமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் 1739இல் அமைத்த இல்லத்துக்கு ஹாண்டல் ஓர்கன் ஒன்றை அன்பளிப்புச் செய்தார். 1750 முதல் ஆண்டுதோறும் அதன் ஆலயத்தில் மெசியா இசைக்கப்பட்டு, வருமானம் அக்குழந்தைகளுக்கே சென்றது. தாயும் வீடும் இல்லாத பிள்ளைகளுக்குச் சோறூட்டியது, பிள்ளைகளற்ற ஒருவரின் வாடகை வீட்டில் பிறந்த இசை.

1751இல் மற்றுமோர் இருள் அவரைச் சூழ்ந்தது. இப்தாவின் வரலாற்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தபோது, இறைவனின் திட்டங்கள் மனிதருக்கு இருளாயிருப்பதைப் பாடும் பகுதியில், இடக்கண் மங்கியதால் எழுத்தை நிறுத்தவேண்டியதாயிற்று என்று பிரதியிலேயே குறித்துவைத்தார். பின்னர் மீண்டும் எழுதுகோலை எடுத்து அப்படைப்பை முடித்தார். சில ஆண்டுகளில் பார்வை முற்றாக நீங்கியது. ஆயினும் ஓர்கன் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்கு அருகிலிருந்த புனித ஜோர்ஜ் ஆலயத்தில் அந்த முதியவர் முழந்தாளிட்டுச் செபித்ததை அயலவர் கண்டனர்.

1759 ஏப்ரல் 6ஆம் திகதி அவர் இறுதியாக மெசியாவைக் கேட்டார். எட்டு நாட்களின் பின், ஏப்ரல் 14ஆம் திகதி பெரிய சனிக்கிழமை காலையில், அதே புரூக் தெரு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. ஆண்டவர் கல்லறையில் துயின்ற நாளில், உயிர்ப்பு ஞாயிறின் வாசலில், அவர் விடைபெற்றார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் நடைபெற்ற அடக்கத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினர். அங்குள்ள அவரது சிலையின் முன்னே, தம் மீட்பர் வாழ்கின்றார் என்னும் யோபுவின் நம்பிக்கையைப் பாடும் இசையேடு விரிந்து கிடக்கின்றது. அவர் குடியிருந்த வீடு 2001இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அன்பார்ந்த வாசகர்களே, நம்மிடையே எத்தனையோ குடும்பங்கள் வாடகை வீடுகளிலும், உறவினர் வீடுகளிலும் வாழ்ந்திருக்கின்றன. சொந்த வீடு அமைந்த பின்னர் குடும்பச் செபத்தை ஒழுங்காகச் செய்வோம், கடன் தீர்ந்த பின்னர் பிறருக்கு உதவுவோம் என்று நாள் கடத்துகின்றோம். மனுமகன் தலை சாய்க்கவும் இடமின்றிப் பணி செய்தார். அதற்கு முன்னர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நாசரேத்தின் எளிய இல்லத்தில் அமைதியாக வாழ்ந்தார். அலைந்த நாட்களும் தங்கிய நாட்களும் தந்தையின் கைகளிலேயே இருந்தன.

இன்று மாலை உங்கள் வீட்டில் திருச்சுரூபத்தின் முன் விளக்கேற்றி அமரும்போது, சுவர்கள் யாருடையவை என்று எண்ணாதீர்கள். இந்தக் கதவின் வழியாக யாருக்கு என்ன நன்மை வெளியே செல்லப்போகின்றது என்று பிள்ளைகளோடு சேர்ந்து சிந்தியுங்கள். நோயுற்ற அயலவருக்கு ஒருவேளை உணவாகவோ, கடனில் தவிக்கும் ஒருவருக்குச் சிறு கைகொடுத்தலாகவோ அது இருக்கலாம். அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவில் அல்லேலூயா ஒலிக்கும்போது, அதன் ஒரு சிறு சுரமேனும் உங்கள் இல்லத்திலிருந்து எழுந்ததாக இருக்கட்டும். இறைவன் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக.